மேலாண்மைப் பள்ளியில் சேரும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழக மேலாண்மைப் பள்ளிகளில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நாடும் பள்ளியும் மாறினாலும் கேள்விகள் அதிகம் மாறுவதில்லை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குத் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட வேண்டும். அங்கே நீட்டியே எழுதியிருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் ஓடுகிறது: படித்து முடித்தபின் என்ன வேலைக்குப் போக விரும்புகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். எந்தப் படிப்பு, எந்தப் பள்ளி, எத்தனை வருடம் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

மேலாண்மைப் பள்ளி என்றால் எம்பிஏ மட்டும்தானா?

இல்லை. எம்பிஏதான் பெயர் பெற்றது. ஆனால் ஒரு பெரிய பள்ளிக்குள் நுழைய நான்கைந்து வாசல்கள் உண்டு. சில வருடம் வேலை பார்த்தவர்களுக்கு முழுநேர எம்பிஏ. வேலையை விடாமல் படிப்பவர்களுக்கு மாலைநேர, வார இறுதி எம்பிஏ. பத்து வருடத்துக்கு மேல் அனுபவம் சேர்த்துப் பொறுப்பான பதவியில் இருப்பவர்களுக்கு எக்சிகியூட்டிவ் எம்பிஏ. கல்லூரி முடித்த கையோடு வருபவர்களுக்கு மேலாண்மை முதுநிலைப் பட்டம். இவை தவிர நிதி, கணக்கியல், வணிகத் தரவு ஆய்வு, சப்ளை செயின் என்று ஒரே துறையில் ஆழமாக இறங்கும் படிப்புகளும், முனைவர் பட்டமும் இருக்கின்றன.

இந்தப் படிப்பு எப்படித் தொடங்கியது?

1881இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி தொடங்கியபோது அங்கே இளநிலைப் படிப்புதான் இருந்தது. 1900இல் டார்ட்மத் கல்லூரியின் டக் பள்ளி வணிகத்தை முதுநிலையில் கற்பிக்க ஆரம்பித்தது. எம்பிஏ என்ற பட்டத்தை 1908இல் முதலில் கொண்டுவந்தது ஹார்வர்டு. ரயில்வே, எஃகு ஆலை என்று ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் பெருகிய காலம் அது. முதலாளியே எல்லாவற்றையும் நேரில் நின்று பார்த்துக்கொள்ள முடியாமல் போனதால், நிர்வாகத்தையே தொழிலாகக் கொண்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1943இல் சிகாகோ பல்கலைக்கழகம் எக்சிகியூட்டிவ் எம்பிஏவைத் தொடங்கியது. 1957இல் பிரான்சில் நிறுவப்பட்ட இன்சியாட், ஒரே வருடத்தில் எம்பிஏ முடிக்கும் முறையைப் பரப்பியது.

இன்றைக்கும் படிப்பின் அடிப்படை வேலை அப்படிப்பட்ட நிர்வாகிகளை உருவாக்குவதுதான். ஒரு துறையை மட்டும் அறிந்தவருக்கு மற்றத் துறைகள் பேசும் பேச்சும் புரியும்படி செய்வது.

இப்போதுதான் இளநிலைப் பட்டம் முடித்தேன். நேராக எம்பிஏ சேரலாமா?

சில பள்ளிகள் சேர்த்துக்கொள்ளும். ஆனாலும் பொறுத்திருப்பது நல்லது என்றே சொல்வேன். எம்பிஏ வகுப்பில் பாதிப் பாடம் பக்கத்தில் இருப்பவரிடமிருந்து வருகிறது. தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்தவர், வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர், மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்தவர் என்று ஆளுக்கொரு அனுபவத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். அங்கே நீங்கள் வைக்க ஏதாவது வேண்டுமே! பெயர் பெற்ற முழுநேரப் படிப்புகளில் மாணவர்களின் சராசரி அனுபவம் ஐந்து வருடத்தை ஒட்டியே இருக்கும்.

இப்போதே படித்தாக வேண்டும் என்றால் மேலாண்மை முதுநிலைப் பட்டமோ துறைசார்ந்த பட்டமோ பொருத்தமாக இருக்கும். இன்னொரு வழியும் உண்டு: கல்லூரிக் கடைசி வருடத்திலேயே விண்ணப்பித்து இடத்தை உறுதி செய்துகொண்டு, சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து சேரும் திட்டம். ஹார்வர்டின் ‘2+2’ இந்த வகை. வேறு பல பள்ளிகளிலும் இதுபோல இருக்கிறது.

ஒரு வருடப் படிப்பா, இரண்டு வருடப் படிப்பா?

செலவை மட்டும் பார்த்து இதை முடிவு செய்கிறவர்கள்தான் அதிகம். பார்க்க வேண்டியது வேறு.

இரண்டு வருடப் படிப்பில் நடுவே ஒரு கோடை விடுமுறை வரும். அந்தப் பத்துப் பன்னிரண்டு வாரம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி வேலை பார்ப்பார்கள். நீங்கள் இதுவரை பொறியாளர், இனி முதலீட்டு வங்கிக்குப் போக ஆசை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பயோடேட்டாவில் வங்கி வேலை என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்ப்பதுதான் கோடைப் பயிற்சி. நிறுவனத்துக்கும் அது சோதனை, உங்களுக்கும் அது சோதனை. சரியாக அமைந்தால் படிப்பு முடியும் முன்பே வேலை கைக்கு வந்துவிடும். முதலீட்டு வங்கிகளும் பெரிய ஆலோசனை நிறுவனங்களும் ஆள் எடுப்பதில் பெரும்பகுதி இந்தப் பயிற்சி வழியாகத்தான் நடக்கிறது.

ஒரு வருடப் படிப்பு பலவற்றில் இந்த இடைவெளியே கிடையாது. இருந்தாலும் குறுகியதாக இருக்கும். ஆகவே ஏற்கெனவே இருக்கும் துறையிலேயே மேலே போக நினைப்பவருக்கும், குடும்பத் தொழிலுக்குத் திரும்புகிறவருக்கும், நிறுவனமே அனுப்பி வைப்பவருக்கும் ஒரு வருடம் தாராளமாகப் போதும். துறையையே மாற்றப்போகிறவருக்கு இரண்டு வருடம் பாதுகாப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு வருடம் இருக்கிறதே, போய் யோசித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். முதல் பருவம் முடிவதற்குள்ளேயே நிறுவனங்கள் வந்து பேச ஆரம்பித்துவிடும். எந்த அறைக்குள் போய் உட்கார்வது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

வேலையை விடாமல் படித்தால் பட்டத்துக்கு மதிப்பு குறையுமா?

பட்டச் சான்றிதழில் பெரும்பாலும் வித்தியாசம் இருக்காது. பாடம் நடத்தும் பேராசிரியர்களும் பல இடங்களில் அவர்களேதான். வளாகத்துக்கு வந்து ஆள் எடுக்கும் நிறுவனங்களைச் சந்திக்கும் வாய்ப்புதான் மாறும். சில பள்ளிகள் அதை முழுநேர மாணவர்களுக்கே ஒதுக்கி வைக்கின்றன. சேரும் முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆன்லைன் எம்பிஏவை முன்பு இளக்காரமாகப் பார்த்தார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கீஸ் பள்ளி 2016இல் ஆன்லைன் எம்பிஏவைத் தொடங்கியது; மூன்றே வருடத்தில், 2019இல், வளாகத்தில் நடந்துவந்த முழுநேர எம்பிஏவை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பாடம் கற்க ஆன்லைன் நன்றாகவே உதவும். நட்பு வளர்வதற்குத்தான் தனியாக முயற்சி எடுக்க வேண்டியிருக்கும். அவ்வப்போது நேரில் கூடும் வாரங்கள் இருந்தால் ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

எக்சிகியூட்டிவ் எம்பிஏவுக்குச் செலவு பெரும்பாலும் முழுநேரப் படிப்புக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ வரும். நிறுவனம் ஒரு பங்கைக் கட்டினால், அதற்குப் பதிலாக எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள்.

வகுப்பில் என்னதான் நடக்கும்?

முதல் பகுதியில் எல்லோருக்கும் பொதுவான பாடங்கள்: கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், உற்பத்தி நிர்வாகம், புள்ளியியல், பொருளாதாரம், நிறுவனத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம், வியூகம். அப்புறம் விருப்பப் பாடங்கள்.

சொல்லித்தரும் முறைதான் புதிதாக இருக்கும். பல பள்ளிகள் கேஸ் முறையைப் பின்பற்றுகின்றன. ஹார்வர்டில் வேரூன்றி உலகம் முழுக்கப் பரவிய முறை இது. ஒரு நிறுவனம் ஒரு நாள் சந்தித்த சிக்கலைப் பத்து இருபது பக்கத்தில், கணக்குப் பட்டியல்களோடு தந்துவிடுவார்கள். முதல் நாள் இரவே படித்துவிட வேண்டும். மறுநாள் பேராசிரியர் உள்ளே வந்ததும் யாராவது ஒருவரைப் பார்த்து, “நீங்கள் அந்த மேலாளராக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்பார். அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் விவாதம் ஓடும். ஹார்வர்டில் இரண்டு வருடத்தில் சுமார் 500 கேஸ்கள் படிப்பார்கள். வகுப்பில் பேசுவதற்கே பெரிய பங்கு மதிப்பெண் உண்டு.

கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இதைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் இந்த வகுப்பில் தினமும் கைதூக்க வேண்டும் என்றில்லை. மற்ற எல்லோரும் தவறவிட்ட ஒரு எண்ணைச் சுட்டிக்காட்டுகிறவருக்கு எப்போதும் மரியாதை உண்டு. ஒவ்வொரு கேஸிலும் ஒரே ஒரு பட்டியலை நன்றாக அலசிவிட்டுப் போங்கள். சில வாரத்தில் வாய் தானாகத் திறக்கும்.

எனக்குக் கணக்கு வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். பள்ளிக்கூட இயற்கணிதம், விகிதம், சதவீதம், அடிப்படைப் புள்ளியியல் இவ்வளவு இருந்தால் பொதுப் பாடங்களைத் தாண்டிவிடலாம். இலக்கியமும் வரலாறும் படித்தவர்கள் ஒவ்வொரு வருடமும் சேர்கிறார்கள். சேர்வதற்கு முன்பான மாதங்களில் கணக்கியலும் புள்ளியியலும் தொடக்க நிலையில் படித்து வைத்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் கை ஓட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஜிமேட் எழுதுவதா, ஜிஆர்ஈ எழுதுவதா?

இரண்டும் முதுநிலைச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வுகள்; ஜிமேட் மேலாண்மைப் படிப்புகளுக்கானது, ஜிஆர்ஈ பல துறைகளுக்கும் பொதுவானது. பெரும்பாலான பள்ளிகள் இரண்டையும் சமமாகவே ஏற்கின்றன. இப்போதைய ஜிமேட் 2 மணி 15 நிமிடத் தேர்வு. கணிதம் 21 கேள்வி, மொழி 23 கேள்வி, தரவு விளக்கம் 20 கேள்வி. ஒவ்வொரு பகுதிக்கும் 45 நிமிடம். கட்டுரை எழுதும் பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய ஜிமேட்டின் 200 முதல் 800 வரையான அளவோடு இதை ஒப்பிட்டுக் குழம்பிப்போகிறவர்கள் நிறைய. பழைய 700 என்பது புதிய அளவில் ஏறத்தாழ 645. ஆகவே 645 வாங்கிவிட்டு 700 வரவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம்.

ஜிஆர்ஈ 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்டு 1 மணி 58 நிமிடமாகிவிட்டது. மொழிக்கும் கணிதத்துக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை மதிப்பெண். திரையில் கால்குலேட்டர் இருக்கும். ஜிமேட்டில் அது தரவு விளக்கப் பகுதிக்கு மட்டும். இரண்டு தேர்வின் மதிப்பெண்ணும் 5 வருடம் செல்லும். இரண்டிலும் ஒவ்வொரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்து, எது கைக்கு வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேறு முதுநிலைப் படிப்புகளுக்கும் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் ஜிஆர்ஈ வசதி.

கட்டுரையில் என்ன எழுதுவது?

நண்பர்களும் தெரிந்தவர்களும் எழுதிய விண்ணப்பக் கட்டுரைகள் பலவற்றைப் படித்துத் திருத்தியிருக்கிறேன். தொண்ணூறு சதவீதக் கட்டுரைகளில் பெயரை மாற்றினால் வேறொருவருக்குப் பொருந்திவிடும். “தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்”, “உலகளாவிய பார்வை வேண்டும்” என்ற வரிகளைப் படிக்கிறவர் அன்றைக்கே ஐம்பதாவது முறையாகப் படித்துக்கொண்டிருப்பார்.

நடந்த ஒன்றை எழுதுங்கள். எட்டுப் பேர் குழுவில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனபோது என்ன செய்தீர்கள்? வாடிக்கையாளரிடம் தப்பை ஒப்புக்கொண்ட நாளில் என்ன சொன்னீர்கள்? எண் இருந்தால் எண்ணைச் சொல்லுங்கள். தோற்ற கதையாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் உங்கள் பங்கு என்ன என்று மறைக்காமல் எழுதினால் போதும். படித்தபின் என்ன வேலை, ஏன் இப்போது, ஏன் இந்தப் பள்ளி என்ற மூன்றுக்கும் பதில் ஒன்றோடொன்று ஒட்டி வர வேண்டும். ஏன் இந்தப் பள்ளி என்ற கேள்விக்குத் தரவரிசையைப் பதிலாக எழுதாதீர்கள். அங்கே படிக்கும் இரண்டு மூன்று பேரிடம் பேசிவிட்டு, அவர்கள் சொன்னதிலிருந்து எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைத் தேடிப் போவது வீண். உங்கள் வேலையைத் தினமும் பார்த்த நேரடி மேலாளர் எழுதும் கடிதத்துக்கு ஈடாகாது. அவருக்கு இரண்டு மாத அவகாசம் கொடுங்கள். நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் நினைவூட்டுங்கள். கடிதத்தை மட்டும் அவரே எழுதட்டும்.

நேர்முகத் தேர்வு கடினமா?

பெரும்பாலும் அரை மணி நேரப் பேச்சு. விண்ணப்பத்தில் எழுதியதையே திருப்பிக் கேட்பார்கள். எழுதியது உண்மையாக இருந்தால் கடினம் இல்லை.

போட்ட பணம் திரும்பி வருமா?

இந்தக் கேள்விக்குப் பலரும் போடும் கணக்கு தப்பு. கல்விக் கட்டணத்தை, பழைய சம்பளத்துக்கும் புதுச் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்துவிடுகிறார்கள். சரியாகப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் இப்போதைய ஆண்டுச் சம்பளம் 10 பங்கு என்று வையுங்கள். இரண்டு வருடக் கட்டணம் 25 பங்கு. புதுச் சம்பளம் 18 கிடைக்கும் என்கிறார்கள். வித்தியாசம் 8. 25ஐ 8ஆல் வகுத்தால் மூன்று வருடத்தில் பணம் வந்துவிடும் போலத் தெரிகிறது.

இப்போது விட்டுப்போனவற்றைச் சேருங்கள். படிக்கும் இரண்டு வருடம் சம்பளம் இல்லை. வேலையில் இருந்திருந்தால் முதல் வருடம் 10, அடுத்த வருடம் 11 வந்திருக்கும். அது 21. பயணம், காப்பீடு, புத்தகம் 2. சாப்பாடும் வாடகையும் எப்படியும் செலவழிப்பவைதான். ஆகவே இப்போதைய செலவைவிடக் கூடுதலாக ஆகும் தொகையை மட்டும் சேருங்கள், 5 என்று வைப்போம். மொத்தம் 53. கோடைப் பயிற்சியில் 3 சம்பாதித்தால் 50. வரவுப் பக்கமும் மாறும். படிக்காமலே இருந்திருந்தாலும் இரண்டு வருடத்தில் உங்கள் சம்பளம் 12 ஆகியிருக்கும். அப்படியானால் படிப்பால் வந்த கூடுதல் 8 இல்லை, 6தான். 50ஐ 6ஆல் வகுத்தால் எட்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. கடன் வட்டியும் வரியும் இன்னும் சேரவில்லை.

இதே ஆள் ஒரு வருடப் படிப்புக்குப் போனால்? கட்டணம் 18, இழந்த சம்பளம் 10, மற்றவை 5, மொத்தம் 33. புதுச் சம்பளம் 16, படிக்காமல் இருந்தால் 11, கூடுதல் 5. ஆறரை வருடம்.

இவை நான் உதாரணத்துக்குப் போட்ட எண்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். எட்டு வருடம் என்று வந்தாலும் போகலாம். முப்பது வருடம் வேலை பார்க்கப்போகிறவருக்கு எட்டு பெரிதில்லை. ஆனால் மூன்று என்று நம்பிக் கடன் வாங்குவதும் எட்டு என்று தெரிந்து வாங்குவதும் ஒன்றல்ல. தவணை கட்டும் காலத்தில் அந்த வித்தியாசம் வீட்டில் எல்லோரையும் பாதிக்கும்.

ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

கிடைக்கும், கேட்கலாம். திறமைக்குத் தருவது, தேவைக்குத் தருவது என்று இரண்டு வகை. பல பள்ளிகளில் விண்ணப்பமே ஸ்காலர்ஷிப்புக்கும் போதும். சிலவற்றில் தனிக் கட்டுரை கேட்பார்கள். இரண்டு பள்ளிகளில் இடம் கிடைத்து, ஒன்று மட்டும் உதவித்தொகை தந்தால், மற்றதற்குப் பணிவாக எழுதிக் கேட்பதில் தவறே இல்லை. சில இடங்களில் தொகையைக் கூட்டுவார்கள். விண்ணப்பங்களைப் பள்ளிகள் சுற்றுச் சுற்றாக வாங்கும்; முதல் சுற்றிலேயே விண்ணப்பித்தவருக்குத் தர, பள்ளியிடம் உதவித்தொகைப் பணம் மிச்சமிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தரவரிசையை நம்பலாமா? அங்கீகாரம் என்கிறார்களே, அது என்ன?

அங்கீகாரத்தை முதலில் பாருங்கள். பள்ளியின் தரத்தை வெளி அமைப்பு ஒன்று சோதித்துச் சான்று தருவதுதான் அது. மூன்று அமைப்புகள் முக்கியம்: 1916இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஏசிஎஸ்பி, லண்டனைச் சேர்ந்த ஆம்பா, ஐரோப்பாவின் ஈக்விஸ். மூன்றும் பெற்ற பள்ளிகளை ‘மும்முடி’ பெற்றவை என்பார்கள். உலகில் அப்படி நூற்றுச் சொச்சம் பள்ளிகளே உள்ளன. மூன்றும் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரிய அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றுக்கு ஏஏசிஎஸ்பி மட்டும்தான். ஒன்றுகூட இல்லாத பள்ளியென்றால் கூடுதலாக விசாரிப்பது நல்லது.

தரவரிசை ஒவ்வொன்றும் ஒவ்வொன்றை அளக்கிறது. பைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் 1999 முதல் வெளியிடும் பட்டியலில், பட்டம் பெற்று மூன்று வருடம் ஆனவர்களின் சம்பளத்துக்குப் பெரிய எடை உண்டு. தொண்டு நிறுவனத்துக்குப் போக நினைப்பவருக்கு அந்தப் பட்டியல் என்ன சொல்லும்? ஐந்தாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

“90 சதவீதம் பேருக்கு வேலை” என்ற அறிக்கையை எப்படிப் படிப்பது?

எத்தனை பேரில் தொண்ணூறு என்று கேளுங்கள். 200 பேர் வகுப்பு என்று வைப்போம். 40 பேர் சொந்தத் தொழிலுக்கோ, படிக்க அனுப்பிய நிறுவனத்துக்கோ போய்விட்டார்கள். வேலை தேடியவர்கள் 160. அவர்களில் 140 பேர்தான் பள்ளிக்குத் தகவல் தந்தார்கள். அந்த 140இல் 126 பேருக்கு வேலை கிடைத்திருந்தால் 90 சதவீதம். அதே 126, தேடிய 160 பேரில் 79 சதவீதத்துக்கும் குறைவு. தகவல் தராத 20 பேரில் சிலருக்கு வேலை கிடைத்திருக்கலாம்; எத்தனை பேருக்கு என்று அறிக்கையிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. நேர்மையான அறிக்கையில் இந்த எண்கள் எல்லாமே அச்சாகியிருக்கும், அடிக்குறிப்பு வரை படித்தால் கிடைக்கும்.

சராசரிச் சம்பளத்தைவிட இடைநிலைச் சம்பளத்தைப் பாருங்கள், அதாவது எல்லோர் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை. நாலைந்து பேரின் மிகப் பெரிய சம்பளம் சராசரியைத் தூக்கிவிடும். பிறகு உங்கள் துறைக்கான வரிசையைத் தேடுங்கள். நீங்கள் போக நினைக்கும் துறைக்குப் போன வருடம் இரண்டே பேர் போயிருந்தால், பள்ளியின் மொத்தப் பெருமை உங்களுக்கு அவ்வளவாக உதவாது. இருபது பேர் போயிருந்தால், தரவரிசையில் பின்னால் இருக்கும் பள்ளியானாலும் அதுதான் உங்கள் பள்ளி.

பிஎச்டிக்கும் டிபிஏவுக்கும் என்ன வேறுபாடு?

பேராசிரியராக, ஆய்வாளராக ஆக விரும்பினால் பிஎச்டி. முழுநேரம், நான்கைந்து வருடம். நல்ல பள்ளிகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாத உதவித்தொகையும் தரும். அதனால் இடங்கள் மிகக் குறைவு. எம்பிஏ முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை, கணிதமும் பொருளாதாரமும் பலமாக இருக்க வேண்டும். டிபிஏ என்பது பணியில் இருக்கும் மேலாளர்கள் தங்கள் தொழிலில் பார்த்த ஒரு சிக்கலை ஆராய்வதற்கான பட்டம். பகுதிநேரம், பெரும்பாலும் சொந்தச் செலவு.

எந்தச் சுற்றில் விண்ணப்பிப்பது?

அமெரிக்கப் பாணிப் பள்ளிகளில் பொதுவாகச் செப்டம்பர், ஜனவரி, ஏப்ரலையொட்டி மூன்று சுற்றுகள். முதல் இரண்டில் இடங்கள் பெரும்பாலும் நிரம்பிவிடும். விசா தேவைப்படுகிறவர்கள் மூன்றாம் சுற்றை நம்பியிருக்க வேண்டாம். அதற்காக அரைகுறை விண்ணப்பத்தைச் செப்டம்பரில் அனுப்புவதிலும் பயன் இல்லை. தேர்வு, கட்டுரை, கடிதங்கள் எல்லாம் சேர்ந்து எட்டு மாதமாவது ஆகும் என்று வைத்துத் தொடங்குங்கள்.

இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மறுபடி முயலலாமா?

முயலலாம். பள்ளிகள் அதைக் குறையாக எண்ணுவதில்லை. மறுபடி வருகிறவர்களுக்கென்று தனிக் கட்டுரையே வைத்திருக்கின்றன. போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் இடையே என்ன மாறியது என்பதுதான் அதில் கேள்வி. புதுப் பொறுப்பு, கூடிய மதிப்பெண், தெளிவான நோக்கம் என்று ஏதாவது ஒன்றைக் காட்ட முடிந்தால் விண்ணப்பியுங்கள். சில பள்ளிகள் முந்தைய விண்ணப்பத்தில் என்ன குறை என்று கேட்டால் சொல்வார்கள். நிராகரிப்புக் கடிதம் வந்த மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். அடுத்த சுற்று தொடங்கிவிட்டால் அவர்களுக்கு நேரம் இருக்காது.